மீட்டர் பெட்டியில் ரெண்டு வயர் ஜாஸ்தி

— ...அதுக்கில்ல நோரா, குப்பை பொறுக்கறதுக்கும் ஒரு தராதரம் வேணாமா? கம்ப்யூட்டர் கம்பெனில வேல பாக்கற பொண்ணு. வாரம் பூரா எதுக்க ரெண்டு டிவி மாதிரி வெச்சிக்கிட்டு இங்கிலீஷ்லயே பேசறா. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆச்சுனா நாலு பிள்ளைங்களக் கூட்டிக்கிட்டு பழைய சாமான் வாங்கற குஜரி கடை வாசல்ல குத்தவெச்சி உக்காந்திருக்கா!

— யாரு, மூணாவது மாடி நிருபமாவா?

— வேற யாரு? இந்தத் தொம்மலூர்ல பழைய இரும்புக்காரன் பேர் சொல்லி நலம் விசாரிக்கற ஒரே இன்ஜினியர் அவதான்.

— உக்காருங்க சந்திராக்கா. நின்னுக்கிட்டே திட்டினா மூச்சு வாங்கும்.

— உக்கார எங்க நேரம்... சரி, அந்த ஃபேனப் போடு. நேத்து என்னா கொண்டாந்தா தெரியுமா? ஒரு டிவி. பழைய டிவி. பின்னாடி நிறைமாசம் மாதிரி புடைச்சிக்கிட்டு இருக்குது. அத அஷ்வத் ஒரு பக்கம் புடிச்சி மாடிக்குத் தூக்கறான். ஓனரம்மா பேரன்! வீட்ல தண்ணி குடிச்ச டம்ளர நகத்தி வெக்க மாட்டான், இங்க டிவி தூக்கறான்.

— செல்ஃபோன நோண்டிக்கிட்டு உக்காராம இருந்தா போதாதாக்கா?

— ஆமா, உயிரோட இருக்கற ஃபோன் ஆகாதுனு செத்துப்போன ஃபோன எடுத்துக் கையில குடுக்கறா. ரேடியோ ஒண்ண ரெண்டாப் பொளந்து வெச்சி, "இங்க பாருங்க செல்லங்களா, இதுதான் இதோட தொண்டை"ங்கறா. தொண்டையாம். பெத்தவளுக்குத் தொண்டை வலினா ஒரு சுடுதண்ணி வெச்சிக் குடுக்கத் தெரியுமா இதுங்களுக்கு?

— இதெல்லாம் நீங்க எங்க நின்னு கேட்டீங்க?

— மாடில. வத்தல் காயப்போட்டிருந்தேன்.

— இந்த மழைலயா?

— ...காயுமா காயாதானு பாக்கப் போனேன். விடு. நான் வந்த விசயம் வேற. நாளைக்கு என்னமோ காட்சியாமே?

— ஆமாக்கா. கேட்ல எழுதி ஒட்டியிருக்காங்களே. பத்து மணிக்கு மொட்டை மாடில. ஒவ்வொரு பிள்ளையும் குஜரி கடைலருந்து காப்பாத்தின ஒரு பொருள எல்லார் முன்னாடியும் தெறந்து காட்டணும். அது என்ன செஞ்சிச்சு, எப்படிச் செஞ்சிச்சுனு சொல்லணும். ஓனரம்மா பிளாஸ்டிக் சேர் தராங்க.

— காப்பாத்தினதாம்! கெணத்துல விழுந்த கொழந்தையா அது? சரி... உம்பொண்ணுக்கு என்னா பொருள்?

— ஷில்பாவுக்கா? என்னமோ ஒரு டப்பாக்கா.

— மஞ்ச டப்பாவா?

— மஞ்சதான்.

— முன்னாடி செவப்பா நம்பர் எரியற கண்ணாடி இருக்குமே, அதுவா?

— அதேதான். எப்படிக்கா பாக்காமலே சொல்றீங்க?

— என்னுதுடி அது! நம்ம எஸ்டிடி பூத்து மீட்டர் பெட்டி. தினேஷ்னு ஒரு புள்ளயப் பெத்து வெச்சிருக்கேனே, வீட்டுக்கு பெயின்ட் அடிக்கறேன்னு லாஃப்ட்ட காலி பண்ணி எல்லாத்தையும் குஜரிக்காரனுக்குத் தூக்கிக் குடுத்துட்டான். நான் அத்திப்பள்ளிக்கு ஒரு கல்யாணத்துக்குப் போயிட்டு வரதுக்குள்ள. வந்து பாத்தா படிக்கட்டுல உன் பொண்ணு அத இடுப்புல வெச்சிக்கிட்டு ஏறிப் போறா!

— அட, அந்தப் பெட்டியா? நானும் அதுல எவ்ளோ ஃபோன் பண்ணியிருப்பேன்!

— அதான் சொல்றேன். அது எனக்கு வேணும் நோரா. இன்னிக்கே வேணும். நாளைக்குப் பத்து மணிக்குள்ள அது எங்க வீட்டு லாஃப்ட்ல இருக்கணும்.

— கடலைப்பருப்பு கூட அளந்து போடற ஆளு நீங்க. செத்த பெட்டிக்கு இவ்ளோ ஆசையா?

— ஞாபகம்டி. அவரு ஞாபகம். அவருதான் ஆசையா வாங்கிப் போட்டாரு.

— யாரு, முனியப்பண்ணனா? அவரு கீழ பேப்பர் படிச்சிக்கிட்டு இருக்காரேக்கா. இப்பதான் "நல்லா இருக்கியா"னு கேட்டாரு.

— இருக்கற ஆளுக்கு ஞாபகம் வெச்சிக்கக் கூடாதா?

— தாராளமா வெச்சிக்கலாம்.

— அதுவுமில்லாம கரண்டு பாரு. சின்னப் பிள்ளைங்க கை வெச்சி ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிட்டா...

— பிளக்கே இல்லக்கா அதுல. எலி தின்னுடுச்சு.

— உள்ள விசம் இருக்கும். இந்தப் பழைய சாமான்ல எல்லாம் என்னமோ விசம் இருக்குதுனு வாட்ஸப்ல வந்துச்சு.

— இருவது வருசம் அதுக்குப் பக்கத்துல உக்காந்து டீ குடிச்சீங்க. உங்களுக்கு ஒண்ணும் ஆகலையே.

— ஏன்டி, குறுக்குக் கேள்வி கேக்கவா உங்கிட்ட வந்தேன்? சும்மா எடுத்துக் குடுப்பியா... மாடி ரூம் சாவி அந்த மகராணிகிட்டதான இருக்குது? நீ போயி "ஷில்பாவுக்கு ஜுரம், அவ பொருள எடுத்துக்கறேன்"னு சொல்லு. நான் படிக்கட்டுல நிக்கறேன்.

— பெட்டி மாடில இல்லக்கா.

— பின்ன?

— உள் ரூம்ல. ஷில்பா நேத்துலருந்து அதத்தான் நோண்டிக்கிட்டு இருக்கா.

— இங்கயா? இந்த வீட்லயா? நோண்டறாளா... தெறந்துட்டாளா?

— ஷில்பா! இங்க வா. பெரியம்மா வந்திருக்காங்க பாரு.

— கூப்டாதடி! அவ என்னமோ பண்ணிக்கிட்டு... ஆ, வாடி ராசாத்தி. நல்லா வளந்துட்ட. படிக்கறியா?

— இல்ல பெரிம்மா, பூத்துப் பெட்டி. ம்மா, நல்லவேள கூப்ட! பெரிம்மாகிட்டயே கேக்கலாம்னு இருந்தேன். இது உங்க பெட்டிதான? உள்ள "சந்திரா எஸ்டிடி"னு ஸ்டிக்கர் இருக்குது.

— என்னுதுதான் கண்ணு. அதான் எடுத்துக்கிட்டுப் போலாம்னு...

— அப்ப சொல்லுங்க. இதுல ரெண்டு வயர் ஜாஸ்தி இருக்குது. ஏன்?

— என்னா வயரு?

— நிரு அக்கா சொன்னாங்க, லைன் ரெண்டு வயர்ல உள்ள வரும், ரெண்டு வயர்ல கண்ணாடி கேபினுக்குள்ள இருக்கற ஃபோனுக்குப் போவும். அவ்ளோதான். இதுல பச்சையா இன்னும் ரெண்டு. கம்பெனி போட்டது இல்ல. யாரோ தனியா சால்டர் வெச்சி, பின்னாடி ஓட்டை போட்டு வெளிய எடுத்திருக்காங்க.

— அது எர்த்துடி. இடி விழுந்தா பூமிக்குள்ள போறதுக்கு.

— பூமிக்குள்ள போகல பெரிம்மா. வாக்மேனுக்குள்ள போகுது.

— ...எந்த வாக்மேனு?

— பெட்டி கூடவே சுத்தி வெச்சிருந்தாங்களே, நீலக் கலர் வாக்மேன். ம்மா, இதக் கேளேன். அதுக்குள்ள மோட்டாரே இல்ல. பேட்டரி போடற எடத்துல ஸ்பிரிங்கு கூட இல்ல. வெறும் டப்பா! இயர்ஃபோன் சொருகற ஓட்டை மட்டும்தான் நெசம். பச்சை வயர் நேரா அதுக்குத்தான் வருது.

— அப்ப அதுல பாட்டு வராதா ஷில்பா?

— எப்படிம்மா வரும்? கேபின்ல பேசறது மட்டும்தான் வரும். ரெண்டு பக்கமும். இந்தப் பக்கம் பேசறவங்க, அந்தப் பக்கம் பேசறவங்க, எல்லாம்.

— அடேங்கப்பா.

— நாளைக்கு நான் இதத்தான் சொல்லப்போறேன். எல்லாரும் அஷ்வத்தோட டிவிதான் பெஸ்ட்டுனு சொல்றாங்க. இருக்கட்டும். நான் வாக்மேனத் தெறந்து காட்டிட்டு, "கண்டுபுடிங்க பாக்கலாம், யார் ஒட்டுக் கேட்டது?"னு கேப்பேன். நிரு அக்கா கை தட்டினாங்க. பெரிம்மா, உங்க பூத்துல யாரு உக்காந்திருப்பாங்க?

— ...ஆளுங்க வருவாங்க, போவாங்க.

— ஷில்பா, மேல போயி நிரு அக்காகிட்ட சின்ன ஸ்க்ரூடிரைவர் ஒண்ணு வாங்கிட்டு வா. ஓடு. கதவச் சாத்திட்டுப் போ.

— சரிம்மா. பெரிம்மா, யோசிச்சி வெய்யிங்க!

— தண்ணி குடிக்கறீங்களாக்கா?

— வேணாம்.

— எத்தன வருசம்?

— என்னா எத்தன வருசம்?

— பாட்டுக் கேட்டது.

— ...பூத்து தெறந்த மூணாவது மாசத்துலருந்து. அடுகோடில ஒரு ரேடியோ ரிப்பேர்க்காரன் செஞ்சி குடுத்தான். லைன்ல கோளாறு இருக்குதானு செக் பண்றதுக்குனு சொல்லித்தான் கேட்டேன். அவன் சிரிச்சிக்கிட்டே செஞ்சான், படுபாவி.

— காதுல வாக்மேன மாட்டிக்கிட்டு தலைய வேற ஆட்டுவீங்களே! நாங்கெல்லாம் இந்தம்மாவுக்கு என்னா இசை ஞானம்னு பேசிக்குவோம்.

— கிண்டல் பண்ணாத. காலைல ஆறு மணிக்கு ஷட்டர் தூக்கினா பொழுது சாஞ்சும் அந்த ஸ்டூலுதான். எதுக்க ஒரு செவுரு. செவுத்துல ஒரு போஸ்டரு. ஒரு மனுசி அதையே எத்தன வருசம் படிப்பா? கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்னு ஆளாளுக்கு வாய அசைக்கறாங்க, கைய ஆட்டறாங்க, அழுவறாங்க. பாத்துக்கிட்டே உக்காந்திருக்க நான் என்னா பொம்மையா?

— அதுவும் நியாயம்தான். அப்ப எல்லாம் தெரியும் உங்களுக்கு.

— எல்லாம். தமயந்தி இருக்காளே, ஞாயித்துக்கிழமை தவறாம ஆம்பூருக்கு அவங்கம்மாவுக்கு ஃபோனு. "கறி எடுத்தேன்மா, எலும்புக் கொழம்பு வெச்சேன்மா"ம்பா. எங்கிட்ட வந்து ரெண்டு முருங்கக்கா கடன் வாங்கிட்டுப் போனவ அப்பதான்! அந்த ரிடையர்டு சுந்தரம், கோயில் கமிட்டி... தலைமுடி வளர தைலம் செய்யறவன்கிட்ட நாப்பது நிமிசம் பேசுவாரு. "சார் ஒரு முடி வந்திருக்கு சார், ஒரே முடி"னு. நான் ஸ்டூல்லருந்து விழுந்துட்டேன்.

— அய்யோ அக்கா...

— நாளைக்கு அவங்க ரெண்டு பேரும் பிளாஸ்டிக் சேர்ல உக்காந்திருப்பாங்க நோரா. உம்பொண்ணு "யார் ஒட்டுக் கேட்டது"னு கேப்பா. பதில் சொல்ல ஒரு நிமிசம் ஆவாது அவங்களுக்கு. இந்தச் சந்துல நான் எப்படி நடப்பேன்? நான் ஒருத்தரப் பத்திப் பேசினா நாலு பேரு காது குடுக்கறாங்கடி. நாளைலருந்து என்னப் பாத்தா வாயப் பொத்திக்குவாங்க.

— அதுதான் பயமா?

— ...அது மட்டுமில்ல.

— பின்ன?

— உன்னுதும் கேட்டிருக்கேன்.

— என்னுதா? நான் கேஜிஎஃப் ஊர்ல இருக்கற என் சிநேகிதி மேரிகிட்டப் பேசறதுதான். அதுல என்ன இருக்கு கேக்கறதுக்கு?

— தெரியாத மாதிரி பேசாத. உனக்கே மறந்திருக்கும், எனக்கு மறக்கல. தொண்ணூத்தொம்பது. நீ சித்தப்பா வீட்ல இருந்துக்கிட்டு கார்மென்ட்ஸ் ஃபேக்டரிக்குப் போயிட்டிருந்த. உங்க சித்தியோட தம்பி விஜய்குமார உனக்குப் பேசி முடிச்சிருந்தாங்க. அடுகோடில லேத் பட்டறை, சொந்தக் கட்டடம்.

— முப்பத்தெட்டு வயசு.

— வயசென்னா வயசு! சொந்தக் கட்டடம்னேன்ல. ஒரு புதன்கிழமை நீ வந்து கேபின்ல நின்ன. மேரி வேல பாத்த மருந்துக் கடைக்குப் போட்ட. "மேரி, எனக்குத் தூக்கத்துல நடக்கற வியாதி வந்துடுச்சுடி. போன வாரம் எழுந்து போயி அருவாமனைய எடுத்துக்கிட்டு சித்தப்பா தலைமாட்டுல நின்னேனாம். எனக்கே தெரியலடி. வர மாப்பிள்ளைய என்னா பண்ணுவேனோ"னு சொன்ன.

— நல்லா ஞாபகம் வெச்சிருக்கீங்க.

— மறக்குமா? அன்னிலருந்து உங்க வீட்டுப் பக்க ஜன்னல நான் தாழ்ப்பா போடாம படுத்ததில்ல. ஆனா... வாய வெச்சிக்கிட்டு சும்மா இருந்திருக்கலாம் நான். ஒருத்திகிட்டதான் சொன்னேன். தமயந்திகிட்ட மட்டும். சத்தியமா.

— தமயந்தி யாருகிட்ட சொன்னாங்க?

— அவ தங்கச்சி அடுகோடில அந்த லேத்துக்கு நேர் எதுக்க குடியிருந்தா.

— ஓ.

— மாப்பிள்ள வீட்டுக்குப் போய்ச் சேரும்போது, நீ சித்தப்பா கழுத்துல அருவாமனைய வெச்சி அழுத்தினதாவும், பக்கத்து வீட்டுக்காரங்க கதவ ஒடச்சிக் காப்பாத்தினதாவும் ஆயிடுச்சு. நான் அழுத்தினதுனு சொல்லவே இல்ல! நின்னதுனு மட்டும்தான் சொன்னேன். நிச்சயதார்த்தத்த நிறுத்திட்டாங்க. அவங்கம்மா வந்து வாசல்ல நின்னே சொல்லிட்டுப் போனா. உள்ள வரக்கூடப் பயம்.

— கையில எலுமிச்சம்பழம் வெச்சிருந்தாங்க. நான் கதவிடுக்குல பாத்தேன்.

— பாத்தியா... எங்கிட்ட சொல்லாதடி. உன் வாழ்க்கையக் கெடுத்தது நான்தான். லேத் ஓனரு பொண்டாட்டியா இருந்திருப்ப. இப்ப ஒயிட்ஃபீல்டுக்கு பஸ்ஸும் மெட்ரோவும் மாறிப் போயி, எவனோ குடிச்ச காப்பி கப்ப யாரு கழுவினாங்கனு ரெஜிஸ்டர் எழுதற.

— ஹவுஸ்கீப்பிங் சூப்பர்வைசருக்கா.

— அதான். கட்டிக்கிட்டது ஒரு பஸ் டிரைவரு.

— குணசேகர் கேட்டா வருத்தப்படுவாரு.

— தங்கமான புள்ள, நான் இல்லனு சொல்லல. ஆனா கட்டடம் இல்லையே! உனக்கு ஷில்பா பொறந்தப்போ நாப்பது நாளும் பூண்டுக் கொழம்பும் கருவாடும் ஆக்கிக் கொண்டாந்தேனே, எதுக்குனு நெனச்ச? சும்மா பாசத்துக்கா? இந்தச் சந்துல வேற யாருக்காச்சும் ஒரு ரசம் வெச்சிக் குடுத்திருக்கேனா நான்?

— அந்தப் பூண்டுக் கொழம்பு ரொம்ப நல்லா இருந்துச்சுக்கா.

— திட்டேன்டி. இப்படி மொத்தமாக் கேட்டுக்கிட்டு உக்காந்திருந்தா எனக்கு ஒரு மாதிரி இருக்குது. ரெண்டு வார்த்த திட்டிட்டுப் பெட்டியக் குடுத்துடு.

— பெட்டி தர முடியாதுக்கா. அவ ராப்பகலா அதோட உக்காந்திருக்கா, ஏமாந்துடுவா. ஆனா "யார் ஒட்டுக் கேட்டது"ங்கற கேள்வி மட்டும் நாளைக்கு வேணாம்னு சொல்லிடறேன். லைன் ரிப்பேர்காரங்க செக் பண்றதுக்கு வெச்ச வயர்னு சொல்லச் சொல்றேன். போதுமா?

— கேப்பாளா?

— கேப்பா. கேக்கணும். எனக்கும் அந்தக் கேள்வி ஆகாது.

— உனக்கென்னா?

— எங்க சித்தி நாளைக்கு முதல் சேர்ல உக்காருவாங்களே. யாரு கேட்டாங்கனு ஆரம்பிச்சா, யாரு பேசினாங்கனு போய் நிக்கும்.

— போனா போகட்டுமே! நீ என்னா தப்பு பண்ண? வியாதினா யாருக்கும் வரதுதான். பாவம், நீ சொன்னதக் கேட்டு மேரி அந்தப் பக்கம் எப்படி அழுதா தெரியுமா? "ஐயோ பாவம், ஐயோ பாவம்"னு... புடவைய வாயில வெச்சி அடைச்சிக்கிட்ட மாதிரி, விக்கி விக்கி. இன்னும் என் காதுல இருக்குடி அந்தச் சத்தம்.

— அவ அழலக்கா.

— நான் கேட்டேன்டி! இந்தக் காதால!

— சிரிச்சா.

— ...என்னாது?

— நான் என்ன சொன்னாலும் "ஐயோ பாவம்"னு மட்டும் சொல்லு, வேற வாயத் தெறக்காதனு முன்னாடியே லெட்டர் எழுதிப் போட்டிருந்தேன். அருவாமனைனதும் அவளால அடக்க முடியல.

— அப்ப... தூக்கத்துல நடக்கற வியாதி?

— படுத்தேன்னா இடி விழுந்தாலும் அசைய மாட்டேன். குணசேகரக் கேட்டுப் பாருங்க.

— நான் கேக்கறது உனக்கு எப்படி...

— அதுக்கு முந்தின வாரம் மேரிகிட்ட எங்க சித்தப்பாவோட பல் செட்டு சாம்பார்ல விழுந்த கதையச் சொன்னேன். அவ சிரிக்கறதுக்குள்ள, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நீங்க சிரிச்சீங்க.

— அடிப்பாவி! இருவத்தஞ்சு வருசமா நான் ஜன்னலத் தாழ்ப்பா போட்டுக்கிட்டு... நாப்பது நாளு கொழம்ப ஆக்கிக்கிட்டு...! ஏன்டி, பிடிக்கலனா உங்க சித்தப்பாகிட்டயே சொல்லித் தொலைச்சிருக்கலாமில்ல?

— மூணு தடவ சொன்னேன்க்கா. யாரு காதுலயும் ஏறல. சரி, ஏறற காது எங்க இருக்குனு பாத்தேன். ஞாயித்துக்கிழமை நிச்சயம், அதுக்குள்ள அடுகோடி போய்ச் சேந்தா போதும்னுதான் புதன்கிழமை பேசினேன். நீங்க வியாழக்கிழமை காலைலயே சேத்துட்டீங்க.